27 அங்குல 4கே திரையில் தமிழ் எழுத்து: ஓர் அச்சுக்கோர்ப்பு அறையிலிருந்து ஒரு மதிப்பீடு

நினைவு மலர், திருவிழா மலர், பாடசாலை ஆண்டு மலர், அழைப்பிதழ் என்று ஆண்டு முழுவதும் தமிழில் பக்கம் வடிவமைக்கும் சிறு அலுவலகங்கள் யாழ்ப்பாணத்தில் பல உள்ளன. திருநெல்வேலியில் இயங்கும் எங்கள் அலுவலகமும் அவற்றுள் ஒன்று. இங்கே நெடுநாள் பாவனையில் இருக்கும் 24 அங்குல முழு எச்.டி. திரைக்குப் பக்கத்தில் 27 அங்குல 4கே திரை ஒன்றை இப்போது வாங்கி வைத்திருக்கிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் மெய்ப்புப் பார்ப்பதற்கு இதைவிட உகந்த திரையை நான் பயன்படுத்தியதில்லை. ஆயினும், பெட்டியிலிருந்து எடுத்து இணைத்தவுடன் அது தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்புகளோடு விட்டுவிட்டால், கொடுத்த பணத்தில் பாதிக்குக்கூடப் பயன் கிடைக்காது. தெளிவுத்திறன் (திரையிலுள்ள புள்ளிகளின், அதாவது பிக்சல்களின், எண்ணிக்கை), ஸ்கேலிங் (எழுத்தையும் ஐகான்களையும் பெரிதாக்கிக் காட்டும் சதவீதம்), கேபிள், வெளிச்சம் ஆகிய நான்கையும் பார்த்துச் சீர் செய்த பிறகே இத்திரை தன் முழு ஆற்றலையும் காட்டுகிறது.

திரையின் நிறுவனப் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஒரே தொழிற்சாலையில் உருவாகும் திரைப்பலகைகளைப் பல நிறுவனங்கள் வாங்கித் தத்தம் பெயரில் விற்பது இத்துறையின் வழக்கம். ஆகவே 3840×2160 பிக்சல் (4கே என்பது இதுதான்), ஐ.பி.எஸ். வகை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறாத திரைப்பலகை), 60 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிப்பது), 350 நிட்ஸ் வெளிச்சம் (நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) என்ற விபரங்களோடு விற்பனைக்கு வரும் எந்த 27 அங்குலத் திரைக்கும் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

தமிழுக்கு ஏன் கூடுதல் பிக்சல் தேவைப்படுகிறது என்பதைப் பழைய திரையில் ‘கொடி’ என்றும் ‘கோடி’ என்றும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்து பார்த்தால் புரிந்துகொள்ளலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கொம்பின் சுழியில் மட்டுமே இருக்கிறது. விண்டோஸில் வழக்கமாக வரும் 9 புள்ளி எழுத்து, ஸ்கேலிங் 100 சதவீதமாக இருக்கையில், மொத்தம் 12 பிக்சல் உயரத்துக்குள் அமைந்துவிட வேண்டும். மேல் விலங்குக்கும் கீழ் விலங்குக்கும் இடம் விட்ட பிறகு, எழுத்தின் உடலுக்கு எஞ்சுவது அதிலும் பாதியளவே. அந்தச் சிறு இடத்துக்குள் ஒற்றைச் சுழியும் இரட்டைச் சுழியும், ண-வின் மூன்று வளைவும் ன-வின் இரண்டு வளைவும், மெய்யெழுத்தின் புள்ளியும் தெரிந்தாக வேண்டும். ஆங்கில எழுத்துகளுக்கு அவ்வளவு இடம் போதும். நம் எழுத்துக்குப் போதாது. இறந்தவரின் பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் சிறிய எழுத்தில் நெருக்கமாக வரும் ஒரு பக்கத்தில், புள்ளி விழுந்ததா விழவில்லையா என்று தெரியாமல் ஒவ்வொரு சொல்லாகப் பெரிதாக்கிப் பார்ப்பது எத்தகைய சலிப்பைத் தரும் என்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். அச்சில் வந்த பெயர்ப் பிழை அந்தக் குடும்பத்தின் வீட்டில் காலமெல்லாம் இருக்கும் என்பதால், இதை நான் சிறு விடயமாக எண்ணுவதில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 24 அங்குலம் என்று விற்கப்படும் 1920×1080 (முழு எச்.டி.) திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்கள் உள்ளன. ஒரு பிக்சலின் அகலம் 0.27 மில்லிமீற்றர். 27 அங்குல 2560×1440 திரையில் அங்குலத்துக்கு 109 பிக்சல்கள், அகலம் 0.23 மில்லிமீற்றர். 27 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு 163 பிக்சல்கள், அகலம் 0.156 மில்லிமீற்றர். குறையில்லாத பார்வை உடைய ஒருவரால் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கை வேறுபடுத்திக் காண முடியும் என்பது கண் மருத்துவம் கொள்ளும் அளவு. மேசையில் நாம் அமரும் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் அது 0.17 மில்லிமீற்றருக்குச் சமம். அதாவது, அந்தத் தூரத்தில் முதல் இரு திரைகளின் பிக்சல்களும் கண்ணுக்குப் பிடிபடும் அளவில் இருக்கின்றன. 4கே திரையின் பிக்சல் அந்த எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. எழுத்தின் விளிம்பில் படி படியாகத் தெரியும் கரடுமுரடு மறைந்து, அச்சில் காணும் வளைவுக்கு நெருக்கமான வளைவு கிடைப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் பிக்சல் சிறுத்தால் எழுத்தும் சிறுக்கும். கஸ்தூரியார் வீதியிலுள்ள கடையில் இத்திரையைப் பார்க்கப் போனபோது, அங்கு நின்ற இளைஞர், “ஐயா, 4கே எண்டால் எல்லாம் சின்னனாத்தான் தெரியும், பிறகு றெசொலூஷனைக் குறைச்சு விடலாம்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பல அலுவலகங்களில் நடப்பதும் அதுவே. எனினும் இது திரையின் பெறுமதியைக் கெடுக்கும் யோசனை. எல்.சி.டி. திரைக்கு அதன் இயல்பான தெளிவுத்திறன் ஒன்று மட்டுமே உண்டு. 4கே திரையில் 2560×1440 என்று தெரிவு செய்தால், கணினி அனுப்பும் ஒவ்வொரு பிக்சலையும் ஒன்றரைப் பிக்சலில் காட்ட வேண்டிய நிலைக்குத் திரை தள்ளப்படுகிறது. அரைப் பிக்சல் என்று ஒன்று இல்லாததால், பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைக் கலந்து அது சமாளிக்கிறது. எழுத்தின் விளிம்பு கலங்குவது இதனால்தான். 1920×1080 சரியாக அரைவாசி என்பதால் கூர்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் பெரும்பாலான திரைகள் அதையும் கலந்தே காட்டுவதால் அங்கும் கலக்கம் வருகிறது. தெளிவுத்திறனை 3840×2160 என்ற இயல்பான அளவிலேயே விட்டுவிட்டு, விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதியில் உள்ள ஸ்கேலிங் சதவீதத்தை உயர்த்துவதே சரியான வழி. அப்போது எழுத்து பெரிதாகிறது. அந்தப் பெரிய எழுத்தை வரைவதற்கு எல்லாப் பிக்சல்களும் பயன்படுகின்றன.

எந்தச் சதவீதம்? 27 அங்குல 4கே திரைக்கு விண்டோஸ் பெரும்பாலும் 150-ஐப் பரிந்துரைக்கும். அப்போது திரையில் கிடைக்கும் இடம் 2560×1440 திரையின் இடத்துக்குச் சமம். 12 பிக்சலில் அடங்கிய எழுத்துக்கு 18 பிக்சல் கிடைக்கிறது. திரையில் அளந்தால் அதன் உயரம் 2.8 மில்லிமீற்றர். நம் பழைய 24 அங்குலத் திரையில் அதே எழுத்து 3.3 மில்லிமீற்றர் இருந்தது. இந்தச் சிறு வேறுபாட்டை இளையவர்கள் உணர்வதில்லை. வாசிப்புக் கண்ணாடி அணிபவர்கள் முதல் நாளே உணர்வார்கள். ஸ்கேலிங்கை 175-ஆக்கினால் எழுத்து 21 பிக்சலுக்கு உயர்ந்து, பழைய திரையில் பார்த்துப் பழகிய அதே 3.3 மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிடுகிறது. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் 175-இல் தொடங்கி, இடம் போதவில்லை என்றால் மட்டும் 150-க்கு இறங்கலாம் என்பது என் பரிந்துரை. 125-ஐத் தொடவே வேண்டாம். இடம் நிறையக் கிடைக்கும், கழுத்து முன்னுக்குப் போகும்.

கடையில் இன்னொன்றையும் செய்ய வேண்டும். விற்பனைக்கு வைக்கப்பட்ட திரைகளில் ஓடும் நீர்வீழ்ச்சியையும் பறவைகளையும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது; அந்த விளம்பரப் படங்கள் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். நான் பென் டிரைவில் எங்கள் மலர் ஒன்றின் பி.டி.எவ். கோப்பைக் கொண்டுபோனேன். நெருக்கமான பெயர்ப் பட்டியல், கறுப்பு வெள்ளைப் புகைப்படம், மெல்லிய கட்டங்கள் ஆகியவை அதில் இருந்தன. மூன்று திரைகளில் மாறி மாறி அதைத் திறந்து காட்ட அந்த இளைஞர் சிறிதும் தயங்கவில்லை. ஒரே பக்கத்தை 24 அங்குல முழு எச்.டி.யிலும் 27 அங்குல 1440-இலும் 27 அங்குல 4கே-யிலும் ஒன்றின் பின் ஒன்றாகப் பார்த்தபோது, விபரத்தாளை வாசித்து அறிய முடியாதது தெளிந்துவிட்டது. 1440 திரையில் ‘ழூ’ வாசிக்கக் கூடியதாக இருந்தது; 4கே திரையில் அதன் கீழ் வளைவுக்கும் சுழிக்கும் இடையிலுள்ள வெள்ளை இடம்கூடத் தெரிந்தது. அந்த வாடிக்கையாளர் சேவைக்காகவே அக்கடையை மனதாரப் பாராட்டுகிறேன்.

இனி இத்திரையின் மிகப் பெரிய சிக்கலுக்கு வருகிறேன். இது திரையின் குறையன்று. எங்கள் தொழிலின் பழைய மென்பொருள்களால் வருவது. பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரும், யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியும் யாழ்ப்பாணத்து அச்சகங்களிலிருந்து இன்னும் விடைபெறவில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். ஸ்கேலிங் என்பதை அது அறியாது. அதைத் திறந்தவுடன் விண்டோஸ் அதன் சாளரத்தை 100 சதவீதத்தில் வரையச் செய்து, அந்தப் படத்தை 150-க்கு இழுத்து விரிக்கிறது. ஆகவே 4கே திரையில் புதிய மென்பொருளெல்லாம் கூர்மையாக இருக்க, பேஜ்மேக்கர் மட்டும் பனி படர்ந்த கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் தெரிகிறது. மென்பொருளின் ஐகானில் வலது சொடுக்கி, புரொப்பர்ட்டீஸ், கொம்பற்றிபிலிட்டி என்ற வழியே சென்று, உயர் டி.பி.ஐ. அமைப்பை மாற்றும் பெட்டியைத் திறந்தால் மூன்று தெரிவுகள் கிடைக்கும். ‘அப்ளிக்கேஷன்’ என்பதைத் தெரிந்தால் எழுத்து கூர்மையாகிவிடும். ஆனால் மெனுவும் கருவிப்பெட்டியும் கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சிறுத்துவிடும். ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’ என்பது 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி. சில பழைய மென்பொருள்களில் எழுத்தைக் கூர்மையாக்கும், படங்களை அப்படியே விட்டுவிடும். எல்லா மென்பொருளுக்கும் அது ஒத்துவராது. பல பரிசோதனைகளுக்குப் பின் நாங்கள் வந்தடைந்த ஒழுங்கு இதுதான்: பேஜ்மேக்கர் வேலை பழைய 24 அங்குலத் திரையில் 100 சதவீதத்தில் நடக்கும், பி.டி.எவ். ஆக்கிய பிறகு மெய்ப்பு 4கே திரையில் பார்க்கப்படும். நாள் முழுவதும் பாமினியிலும் பேஜ்மேக்கரிலும் மட்டுமே வேலை செய்யும் ஒருவர் தன் ஒரே திரையாக 4கே-யை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இரு திரைகளையும் பக்கத்தில் வைப்பவர்கள், டிஸ்பிளே பகுதியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்கேலிங் கொடுக்க முடியும். அங்கே தெரியும் இரு பெட்டிகளையும் இழுத்து, மேசையில் உள்ளபடி மேல் விளிம்போ கீழ் விளிம்போ பொருந்துமாறு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மவுஸ் ஒரு திரையிலிருந்து மற்றதற்குப் போகையில் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கும்.

கேபிள் விடயம் பலரையும் ஏமாற்றுகிறது. திரையோடு வரும் எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பழைய கணினியில் செருகினால் படம் வரும், 3840×2160 என்றும் காட்டும். ஆனால் மவுஸை அசைத்தால் அது விட்டு விட்டு நகரும். பக்கத்தை உருட்டினால் எழுத்து தடுமாறும். எச்.டி.எம்.ஐ. 1.4 வழியாக 4கே-க்கு விநாடிக்கு 30 தடவையே படத்தைப் புதுப்பிக்க முடியும் என்பதே காரணம். 60 வேண்டுமானால் எச்.டி.எம்.ஐ. 2.0 தேவை, அது கணினி, கேபிள், திரை ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும். இன்ரெல் ஏழாம் தலைமுறைக்கும் அதற்கு முந்தியதற்கும் உரிய பல மதர்போர்டுகளில் எச்.டி.எம்.ஐ. 1.4 மட்டுமே உண்டு. அதே கணினியின் பின்புறத்தில் டிஸ்பிளே போர்ட் துளை இருந்தால், அதன் 1.2 பதிப்பிலேயே 4கே 60 ஹேர்ட்ஸில் ஓடும். எங்களுக்கும் அந்தத் துளைதான் உதவியது. இணைத்த பிறகு அட்வான்ஸ்ட் டிஸ்பிளே பகுதிக்குச் சென்று 60 என்று காட்டுகிறதா எனப் பார்ப்பது கட்டாயம். நீல நிறத் தலைகொண்ட வி.ஜி.ஏ. கேபிளுக்கு 4கே எட்டாது என்பதால், அது மட்டுமே உள்ள கணினியை வைத்திருப்பவர்கள் முதலில் கணினியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கறுப்பு நிறம் சாம்பல் பூசியதுபோல் வெளிறித் தெரிந்தால், கணினி தொலைக்காட்சிக்கு அனுப்பும் 16 முதல் 235 வரையான வீச்சில் நிறத்தை அனுப்புகிறது என்று பொருள். கிராபிக்ஸ் அமைப்பில் ‘புல்’ என்பதைத் தெரிந்து, 0 முதல் 255 வரை என்று மாற்றினால் சரியாகும். பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருக்கும் எச்.டி.ஆர். (மிகுந்த ஒளியையும் ஆழ்ந்த இருளையும் ஒருங்கே காட்டும்) வசதியை 350 நிட்ஸ் திரையில் அணைத்தே வையுங்கள். திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பின் எச்.டி.ஆர். தரங்களில் மிகக் குறைந்ததற்கே 400 நிட்ஸ் வேண்டும்.

வெளிச்சம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அச்சகத்தோடு வரும் சச்சரவுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் திரை, கடையின் பளிச்சென்ற விளக்குகளின் கீழ் கண்ணைக் கவரும்படி மிகுந்த வெளிச்சத்தோடும் நீலம் தூக்கிய வெள்ளையோடும் வருகிறது. அந்த வெளிச்சத்தில் புகைப்படத்தைச் சீர் செய்தால், திரையில் அழகாக இருந்த முகம் அச்சில் இருண்டுபோய் வரும்; அச்சகத்தார் மை கூட்டிவிட்டார் என்று பழி சொல்வோம். அறைக்குள் வேலை செய்யும் திரைக்கு 120 நிட்ஸ் அளவு போதுமானது என்பது அச்சு வடிவமைப்பில் பரவலாகக் கொள்ளப்படும் அளவு. அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. வழக்கமாக எரியும் மின்குமிழை எரியவிட்டு, வெள்ளை ஏ4 கடதாசி ஒன்றைத் திரையின் ஓரத்தில் பிடித்து, திரையில் வெறுமையான வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே வெண்மையாகத் தெரியும் வரை திரையின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். எங்கள் அறையில் திரையின் வெளிச்ச அமைப்பு எண் 30-ஐ ஒட்டி நின்றது. நிறவெப்பத்தை 6500 கெல்வின் அல்லது எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிலையில் வைத்ததும் முகங்களில் படிந்திருந்த நீலம் விலகியது. மாரி காலத்து மந்தாரமான பகலுக்கும் சித்திரை மாத யன்னல் வெயிலுக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதால், திரையை யன்னலுக்குப் பக்கவாட்டில் வைப்பது நல்லது; எதிரே வைத்தால் ஒளி எதிரொளிக்கும், முதுகாட்டி வைத்தால் கண் கூசும். படம் பார்க்கும் வேளையில் திரையை மஞ்சளாக்கும் விண்டோஸின் நைட் லைட்டும் அணைந்திருக்க வேண்டும்.

திரையின் ஷார்ப்னஸ் அமைப்பைக் கூட்டினால் எழுத்து தெளியும் என்று சிலர் நம்புகிறார்கள். அது எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு ஒன்றைச் சேர்க்கிறது; தொழிற்சாலை வைத்த இடத்திலேயே விடுவது நலம். மாறாக, விண்டோஸின் தேடல் பெட்டியில் கிளியர்டைப் என்று தேடி, எழுத்தின் விளிம்பைச் சீராக்கும் அந்த வசதியை ஒரு தடவை ஓடவிடுவதால் பயன் உண்டு. அது காட்டும் மாதிரிகள் ஆங்கிலத்தில் இருந்தாலும், விளைவு விண்டோஸின் தமிழ் எழுத்துருவான நிர்மலாவிலும் தெரியும்.

இத்திரையை வாங்கியதில் நான் அதிகம் மகிழ்ந்தது வேறொன்றுக்காக. 27 அங்குலத் திரையின் உயரம் 33.6 சென்ரிமீற்றர், ஏ4 தாளின் உயரம் 29.7. ஒரு முழு ஏ4 பக்கத்தை அதன் உண்மையான அளவிலேயே திரையில் நிறுத்த முடிகிறது. இரு பக்கங்களைப் பக்கத்தில் வைத்தாலும் அகலத்தில் இடம் மிஞ்சுகிறது. 24 அங்குலத் திரையின் உயரம் 29.6 என்பதால் அங்கே இது இயலாது. அடோபி ரீடரின் பிரிபெரன்ஸஸில் பேஜ் டிஸ்பிளே என்ற பகுதியில் ரெசொலூஷன் என்பதற்கு நாமே எண் கொடுக்கலாம். அங்கே 163 என்று இட்டு, பக்கத்தை 100 சதவீதத்தில் திறந்து, திரையின் மீது அடிமட்டத்தை மெதுவாக வைத்து ஏ5 பக்கத்தின் அகலம் 14.8 சென்ரிமீற்றர் இருக்கிறதா என்று பார்த்தேன். சற்று விலகினால் எண்ணைக் கூட்டியோ குறைத்தோ பொருத்திவிடலாம். வாடிக்கையாளர் வந்து, “எழுத்து சின்னனா இருக்குமோ” என்று கேட்டால், அச்சில் வரப்போகும் அதே அளவில் பக்கத்தைக் காட்டி அவரிடமே கேட்க முடிகிறது. மாதிரிப் பிரதிக்குச் செலவாகும் கடதாசியும் மையும் குறைந்திருக்கின்றன.

யார் எதை வாங்கலாம்? யூனிகோடில் எழுதுபவர்கள், இன்டிசைன் போன்ற புதிய மென்பொருளில் பக்கம் கட்டுபவர்கள், மெய்ப்புப் பார்ப்பவர்கள், ஆய்வேடு எழுதும் பல்கலைக்கழக மாணவர்கள் ஆகியோர் பணம் இடம் கொடுத்தால் 27 அங்குல 4கே-யைத் தயங்காமல் வாங்கலாம். பழைய மென்பொருளும் புதியதும் கலந்த வேலைக்கு 27 அங்குல 1440 திரை நல்ல நடுவழி. 100 சதவீதத்திலேயே பயன்படுத்தலாம், எதுவும் கலங்காது, எச்.டி.எம்.ஐ. 1.4-இலேயே 60 ஹேர்ட்ஸும் கிடைக்கும். கணக்கு வேலைக்கும் கடிதத்துக்கும் 24 அங்குல முழு எச்.டி. போதும். 27 அங்குலத்தில் 1920×1080 என்று வரும் திரை மட்டும் வேண்டாம். விலை மலிவாகவும் உருவம் பெரிதாகவும் இருப்பதால் பலர் அதை எடுக்கிறார்கள். அங்குலத்துக்கு 82 பிக்சல் என்ற அளவில் நம் எழுத்து பழைய சிறு திரையைவிடவும் கரடாகத் தெரியும்.

வாங்கும்போது பற்றுச்சீட்டில் உத்தரவாதக் காலத்தையும், செயலிழந்த பிக்சல் எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். மின்னல், எரிந்த தடம், துரு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று இங்குள்ள கடைகளின் சீட்டுகளில் பொதுவாக அச்சிட்டிருப்பார்கள். ஆகவே இடி முழங்கும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் திரையின் மின்செருகியையும் கணினியின் செருகியையும் கழற்றிவிட வேண்டும். கடையிலேயே முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, செத்த பிக்சல் உண்டா, ஓரங்களில் ஒளி கசிகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.